பெட்டியா, கேள்விக்குறியா, கிறுக்கலா என்று முதலில் பாருங்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வேலூர் காந்தி ரோடு பக்கத்து லாட்ஜ்களுக்கும் ஆற்காட்டில் ஒரு மக்கன் பேடா கடைக்கும் வெப்சைட் செய்து தருகிறாராம். 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட், மாத வாடகைக்கு ஒரு சின்ன விபிஎஸ், அதாவது இணையத்தில் இருக்கும் வாடகை சர்வர். கேள்வியின் சாரம் இது: "தமிழ் சில இடத்தில் ஒழுங்காக வருகிறது, சில இடத்தில் குழம்புகிறது. தேடினால் பெயர் கிடைப்பதில்லை. சர்வர் அவ்வப்போது படுத்துவிடுகிறது, ரீஸ்டார்ட் செய்தால் எழுந்துவிடுகிறது. லினக்ஸில் எந்தெந்தக் கமாண்டை முதலில் மனப்பாடம் செய்வது?"

எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம் தம்பி. நாலு மாதம் புழங்கினால் கை தானாகத் தட்டும். நீங்கள் பழக வேண்டியது வேறு: எதையாவது மாற்றுவதற்கு முன், உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவது. ரீஸ்டார்ட் செய்தால் எழுந்துவிடுகிறது என்கிறீர்கள் அல்லவா, அந்த ரீஸ்டார்ட்டில் பாதித் தடயம் அழிந்துபோகிறது. தமிழ் குழம்பும்போதும் அப்படித்தான்; பலர் உடனே ஃபான்ட்டை மாற்றிப் பார்ப்பார்கள், அப்புறம் டேட்டாபேஸில் கை வைப்பார்கள், கடைசியில் எது கோளாறு, எது தாம் செய்த வைத்தியம் என்றே தெரியாமல் போய்விடும். இரண்டையும் எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். கமாண்ட்களைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

தமிழ் குழம்புவது மூன்று விதம். மூன்றும் வெவ்வேறு நோய்.

எழுத்துக்குப் பதில் வெறும் பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் உங்கள் டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இடத்தில் தமிழ் ஃபான்ட் இல்லை, அவ்வளவுதான். வாடிக்கையாளரின் மொபைலில் இது இப்போது அரிது. சர்வரிலேயே உருவாகும் பில், ரசீது, படம் இவற்றில்தான் வரும், ஏனென்றால் விபிஎஸ்ஸில் பெரும்பாலும் எந்தத் தமிழ் ஃபான்ட்டும் இருக்காது. எஃப்சி-லிஸ்ட் என்ற கமாண்டில் மொழி டிஏ என்று கேட்டால், இருக்கும் தமிழ் ஃபான்ட்களைக் காட்டும். வெறுமையாக வந்தால் நோட்டோ அல்லது லோஹித் தமிழைப் போடுங்கள், தீர்ந்தது.

கேள்விக்குறியாக வந்தால் கதை வேறு. அது பெரும்பாலும் போனது போனதுதான். டேட்டாபேஸுக்குள் நுழையும்போதே, தமிழைத் தாங்காத லத்தீன்1 போன்ற ஓர் அமைப்பு ஒவ்வொரு குறியீட்டையும் எடுத்துவிட்டுக் கேள்விக்குறியை வைத்துவிட்டது. எந்த மாற்றியும் அதைத் திரும்பக் கொண்டுவராது. பேக்கப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது கிறுக்கல். தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவுக்குறி, இந்த ஜோடி திரும்பத் திரும்ப வரும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். எழுத்துகளைப் பைட்களாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. லத்தீன் கண்ணாடி போட்டுப் பார்த்தால் 224 என்பது அந்தச் சாய்கோட்டு ஏ, 174 என்பது பதிவுக்குறி. ஆக, கிறுக்கல் தெரிகிறது என்றால் பைட்கள் எங்கோ பத்திரமாக இருக்கின்றன, படிக்கும் இடம்தான் தப்பு.

எந்த நிலையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து ஊகிக்காதீர்கள். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில், பைட்களை அப்படியே காட்டும் ஹெக்ஸ் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. டேபிளின் பெயர்ப் பத்தியை, அதாவது நெடுவரிசையை, அதில் போட்டு ஒரே ஒரு வரிசையை எடுங்கள். விடை இ0ஏஇ என்று தொடங்கினால் உள்ளே இருப்பது சரியான தமிழ். 3எஃப் 3எஃப் என்று போனால் கேள்விக்குறி, கதை முடிந்தது. சி3ஏ0சி2ஏஇ என்று தொடங்கினால் ஒருமுறை தப்பாகப் படித்ததை மறுபடி யுடிஎஃப்-8ஆக எழுதியிருக்கிறார்கள், அதாவது இரட்டைக் குறியேற்றம். தலைகீழாகப் பிரித்தால் சரியாகும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பத்தி லத்தீன்1 என்று பதிவாகியிருக்கும், உள்ளே பைட்கள் மட்டும் சரியான இ0ஏஇ ஆக இருக்கும். பழைய ஹோஸ்டிங்கிலிருந்து வரும் டம்ப்களில் (டேட்டாபேஸ் நகல் ஃபைல்களில்) இது சர்வசாதாரணம். அந்தப் பத்தியை நேரடியாக யுடிஎஃப்8எம்பி4க்கு (மைஎஸ்கியூஎல்லின் முழு யுடிஎஃப்-8) மாற்றச் சொன்னால் மைஎஸ்கியூஎல் நல்ல தமிழை எடுத்து இரட்டைக் குறியேற்றம் செய்து கொடுத்துவிடும். முதலில் பைனரி வகைக்கு மாற்றி, அங்கிருந்து யுடிஎஃப்8எம்பி4க்கு மாற்றுவதுதான் முறை. டேபிளை நகலெடுத்து, நகலில் செய்து பாருங்கள்.

மைஎஸ்கியூஎல்லில் வெறும் யுடிஎஃப்8 என்பது 3 பைட் வரைதான் தாங்கும். தமிழுக்கு அது போதும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம். ஒரு வாடிக்கையாளர் விமர்சனத்தில் ஸ்மைலி போட்டதும் முட்டிக்கொள்ளும். 8.0 முதல் யுடிஎஃப்8எம்பி4தான் இயல்புநிலை. பழைய டேபிள்கள் தானாக மாறாது. டேபிளை மாற்றினால் மட்டும் போதாது, உங்கள் நிரல் டேட்டாபேஸோடு பேசும் கனெக்ஷனிலும் அதையே சொல்ல வேண்டும்.

அடுத்தது தேடல். பிரஸ்காரரிடமிருந்தும் ஃப்ளெக்ஸ் கடையிலிருந்தும் மெனு வரும். திறந்தால் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று இருக்கும். அது பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்தது. மாற்றிகள் நிறைய இருக்கின்றன, மாற்றிவிடலாம். ஆனால் மாற்றிய பிறகும் ஒரு கசடு தங்கும். இந்த இரண்டையும் பாருங்கள்: வேலூர், வேலூா். முதலாவதில் இருப்பது ரகரமும் புள்ளியும். இரண்டாவதில் துணைக்காலும் புள்ளியும். பழைய ஃபான்ட்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரிந்ததால் தட்டச்சு செய்தவர்கள் காலைப் போட்டே பழகிவிட்டார்கள். சில பிரவுசரில் நடுவில் ஒரு புள்ளி வட்டம் எட்டிப் பார்க்கும், சிலதில் வித்தியாசமே தெரியாது. தேடும் வாடிக்கையாளர் ரகரத்தோடு தேடுவார், டேட்டாபேஸில் கால் இருக்கும், "முடிவுகள் இல்லை" என்று வரும். துணைக்காலுக்குப் பின் புள்ளி என்பது தமிழில் எங்கும் வராது. எனவே அதைக் கண்ட இடத்தில் ரகரப் புள்ளியாக மாற்றலாம், பயமில்லை.

எல்லா மாற்றமும் இப்படிப் பயமில்லாதது அல்ல. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகிறவர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்யும் லாட்ஜ்கள் உண்டு. அவர்கள் வெப்சைட்டில் பாருங்கள், பாதிப் பேர் பௌ என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்துத்தான் அடித்திருப்பார்கள். சரி, ஒற்றைக்கொம்பு ளகரம் வந்தால் ஔகாரக் குறியாக மாற்றிவிடலாம் என்று தோன்றும். மாற்றினால் வெள்ளிக்கிழமை தொலைந்தது, தெளிவும் கெளுத்தி மீனும் கூடவே போய்விடும். இதற்குச் சொற்பட்டியல் வைத்துத்தான் திருத்த வேண்டும்: பௌர்ணமி, கௌரி, சௌந்தர், மௌனம் என்று ஒரு முப்பது நாற்பது சொல் போதும்.

ஒகர, ஓகாரக் குறிகளை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியீடாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் ஒன்றுதான், பைட்டில் வேறு. இதற்கு நாமே எதுவும் எழுத வேண்டாம். என்எஃப்சி என்ற இயல்பாக்கம் இதைச் சரிசெய்யும். ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ், பைத்தானில் யூனிகோட்டேட்டா, பிஎச்பியில் இன்டல் (ஐ, என், டி, எல்) நீட்சியின் நார்மலைசர். ஆனால் என்எஃப்சி ஸ்ரீயைச் சரிசெய்யாது. ஸ்ரீபுரம் பொற்கோவில் பெயர் உங்கள் லாட்ஜ் சைட்களில் எல்லாப் பக்கத்திலும் இருக்கும். அந்த ஸ்ரீயை ஸகரம் வைத்தும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரம் வைத்தும் எழுதலாம். பல ஃபான்ட்களில் இரண்டும் ஒரே வடிவம். கீபோர்டுக்குக் கீபோர்டு வேறு ஒன்றை அடிக்கும். உங்கள் டேபிளில் ஒரு விதம், தேடுபவர் மொபைலில் வேறு விதம் என்றால் பொற்கோவிலே அகப்படாது.

என் யோசனை: பெயர்ப் பத்தியைத் தொடாதீர்கள். பக்கத்தில் தேடலுக்கென்று இன்னொரு பத்தி வையுங்கள். சேமிக்கும்போது என்எஃப்சி, துணைக்கால் திருத்தம், ஸ்ரீ திருத்தம், வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டும்போது ஒட்டிக்கொண்டு வரும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளை நீக்குவது, எல்லாவற்றையும் ஒரு ஃபங்ஷனில் போட்டு அந்தப் பத்தியில் எழுதுங்கள். தேடும் சொல்லையும் அதே ஃபங்ஷன் வழியாக அனுப்புங்கள். திரையில் காட்டுவது மூலப் பத்தியையே. நாளைக்கு ஃபங்ஷனில் தப்பு தெரிந்தால் தேடல் பத்தியை மட்டும் மறுபடி உருவாக்கினால் போதும்.

எண்ணிக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேலூர் என்பது நமக்கு மூன்று எழுத்து. டெர்மினலில் பிரின்ட்எஃப் போட்டு அந்தச் சொல்லை டபிள்யூசி கமாண்டுக்கு அனுப்பினால், ஹைஃபன் சி-க்கு 18 என்று வரும், ஹைஃபன் எம்-க்கு 6 என்று வரும். 18 என்பது பைட், 6 என்பது யூனிகோட் குறியீடு. ஜாவாஸ்கிரிப்டின் லெங்த்துக்கும் பைத்தானின் லென்னுக்கும் விடை 6, பிஎச்பியின் எஸ்டிஆர்லென்னுக்கு 18. "தலைப்பை இருபது எழுத்தில் வெட்டி மூன்று புள்ளி வை" என்று எழுதினால், வெட்டு விழும் இடத்தைப் பொறுத்து புள்ளி போகும், கொம்பு போகும். பைட் கணக்கில் வெட்டினால் கருப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்து நிற்கும். நம் எழுத்துக் கணக்கு வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டர், பிஎச்பியில் கிராஃபீம் என்று தொடங்கும் ஃபங்ஷன்கள். இரண்டும் 3 என்றே சொல்லும். வெறும் அழகுக்காக வெட்டுவதாயிருந்தால் வெட்டவே வேண்டாம், சிஎஸ்எஸ்ஸில் வரி எல்லையைச் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கணக்கு பணத்திலும் இடிக்கும். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து. தமிழில் ஒரு குறியீடு வந்துவிட்டாலே மொத்தமும் 70 ஆகச் சுருங்கும், நீளமானால் ஒரு துண்டுக்கு 67. முன்பதிவு உறுதிச் செய்தியைத் தமிழில் அனுப்பும் லாட்ஜ்காரரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள், பில் வந்த பிறகு சொன்னால் மரியாதை இருக்காது. லினக்ஸில் ஃபைல் பெயரின் எல்லை 255 பைட். தமிழில் பெயர் வைத்தால் 85 குறியீடு. வேர்ட்பிரஸ்ஸில் தமிழ்த் தலைப்பிலிருந்து தானாக உருவாகும் முகவரி இன்னும் மோசம். ஒவ்வொரு குறியீடும் சதவீதக்குறியோடு 9 எழுத்தாக விரியும், அந்தப் பத்தியின் எல்லை 200. ஆக 22 குறியீட்டோடு முகவரி அறுந்துவிடும். முகவரியை மட்டும் ஆங்கிலத்தில் கையால் எழுதுங்கள் என்பேன். தமிழ்ப்பற்று தலைப்பிலும் உள்ளடக்கத்திலும் இருக்கட்டும்.

ஃபார்ம்களுக்கு வருவோம். பெயர்ப் பெட்டியில் ஏ முதல் இசட் வரை மட்டும் என்று ரெஜெக்ஸ் (எழுத்துகளைச் சோதிக்கும் விதி) போட்டு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைத் திருத்துகிறேன் என்று பேக்ஸ்லாஷ் பி எல் மட்டும் போட்டால் அகரமேறிய மெய்யும் உயிரும் தேறும், உயிர்க்குறியும் புள்ளியும் தேறாது. பி எல்லோடு பி எம்மையும் சேர்க்க வேண்டும், யூ கொடியும் வேண்டும். பைத்தானின் உள்ளமைந்த ஆர்இ தொகுதியில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ தமிழ்ச் சொல்லைக் குறிக்குறியாக உடைத்துப் போடும். ரெஜெக்ஸ் என்ற வெளித் தொகுதியை நிறுவிக்கொள்ளுங்கள்.

லாஸ்ட் நேம் கட்டாயம் என்று போடாதீர்கள். இனிஷியல் உள்ள ஊரில் அது வெறும் தொல்லை. சிஎம்சி மருத்துவமனை பக்கத்து லாட்ஜ் என்றால் தங்குபவர்களில் நிறையப் பேர் மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வருகிறவர்கள், தெருவிலேயே வங்காள போர்டு தொங்குகிறது. போன் எண்ணுக்குப் பத்து இலக்கம்தான் என்று அடைத்தால் 880இல் தொடங்கும் எண்ணை அவர்கள் எங்கே எழுதுவார்கள்? வங்காள மொழியில் வரும் பகுதிகளுக்கு மொழிக் குறியை பிஎன் என்றும் தமிழுக்கு டிஏ என்றும் எச்டிஎம்எல்லில் கட்டாயம் போடுங்கள். வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்கு அது இல்லாமல் எந்த மொழி என்று தெரியாது. மாவட்டப் பட்டியலும் அப்படி. 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம், ஆற்காடும் அரக்கோணமும் ராணிப்பேட்டை. இணையத்தில் கிடைக்கும் பழைய பட்டியலை அப்படியே ஒட்டினால் ஆம்பூர்க்காரர் தன் ஊரைத் தப்பான மாவட்டத்தில் தேட வேண்டியிருக்கும். மாவட்டத்தை நிரலுக்குள் எழுதாமல் ஒரு டேபிளில் வைத்துவிடுங்கள். வட ஆர்க்காடு 1989இல் பிரிந்தது, முப்பது வருஷத்தில் மறுபடி பிரிந்தது, இன்னும் பிரியாது என்று யார் சொன்னது.

அகரவரிசை வேண்டுமென்றால் சும்மா ஆர்டர் பை போட்டு நம்பாதீர்கள். யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது, புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் வருகிறது. அதனால் குறியீட்டு வரிசையில் பானு பாபுவுக்கு முன்னால் வருவார், கணேசன் கண்ணனுக்கு முன்னால் வருவார். இரண்டும் தப்பு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஐசியு நூலகம் வழியாகத் தமிழ் கொலேஷன் (அடுக்கும் விதி) இருக்கிறது, பிரவுசரில் இன்டல் கொலேட்டருக்கு டிஏ என்று சொன்னால் போதும். நூறு வரிசைக்குக் குறைவான பட்டியல் என்றால் பிரவுசரிலேயே அடுக்கிவிடுங்கள்.

பில்லைப் பிடிஎஃப் ஆக்கும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், அந்த நூலகம் எழுத்துகளைக் கோக்கத் தெரியாதது என்று அர்த்தம். ஃபான்ட் மாற்றிப் பயனில்லை. தலையில்லாக் குரோம் (திரையில்லாமல் ஓடும் குரோம்) அல்லது வீசிபிரின்ட் வழியாக எடுங்கள்.

இனி சர்வர். படுத்த சர்வரை எழுப்பும் முன் இரண்டு நிமிஷம் ஒதுக்குங்கள். எஸ்எஸ்எச்சில் (தூரத்திலிருந்து சர்வருக்குள் போகும் வழி) நுழைய முடிந்தால் ஃப்ரீ ஹைஃபன் எச், டிஎஃப் ஹைஃபன் எச், டிஎஃப் ஹைஃபன் ஐ, ஜர்னல்சிடிஎல் கடைசிப் பக்கம், இவற்றின் வெளியீட்டை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். நுழையவே முடியாமல் பேனலில் ரீபூட் செய்துவிட்டீர்களா? பரவாயில்லை, ஜர்னல்சிடிஎல்லுக்கு ஹைஃபன் பி ஹைஃபன் 1 கொடுத்தால் முந்தைய பூட்டின் பதிவைக் காட்டும். கூடவே ஹைஃபன் கே கொடுத்தால் கெர்னல் சொன்னது மட்டும் வரும். அதில் அவுட் ஆஃப் மெமரி, கில்டு ப்ராசஸ் என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

சின்ன விபிஎஸ்ஸில் வேர்ட்பிரஸ் ஓட்டினால் அநேகமாக அந்த வரி இருக்கும். ராம் தீர்ந்ததும் கெர்னல் யாரையாவது தூக்க வேண்டும், அதிகம் தின்பவர் மைஎஸ்கியூஎல், அவரைத் தூக்கிவிடும். பார்வையாளருக்கு "டேட்டாபேஸ் கனெக்ஷன் கிடைக்கவில்லை" என்ற பக்கம் தெரியும். நீங்கள் பாஸ்வேர்டு தப்போ என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். கணக்கு எளிது. 1 ஜிபி ராமில் டேட்டாபேஸுக்கும் சிஸ்டத்துக்கும் பாதி போனால் மீதி 500 எம்பி. ப்ளகின் நிறைய உள்ள வேர்ட்பிரஸ்ஸில் ஒரு பிஎச்பி ப்ராசஸ் 60 முதல் 100 எம்பி வரை சாதாரணமாக எடுக்கும். ஆக ஐந்துக்கு மேல் ஒரே சமயத்தில் ஓட விடக்கூடாது. பிஎச்பி-எஃப்பிஎம்மில் மேக்ஸ் சில்ட்ரன் என்ற எண் அதற்குத்தான். யாரோ சொன்னார்கள் என்று அதை ஐம்பதாக்கி வைத்திருந்தால் கூட்டம் வந்ததும் படுக்கும். ராம் போதாதபோது டிஸ்க்கில் இடம் தரும் ஸ்வாப் ஃபைலும் ஒன்றிரண்டு ஜிபிக்குப் போட்டு வையுங்கள், வேகம் குறைந்தாலும் உயிர் இருக்கும்.

அந்தக் கூட்டம் யார் என்றும் பாருங்கள். ஆக்சஸ் லாகிலிருந்து ஆக் கமாண்டால் முதல் பத்தியை எடுத்து, சார்ட், யூனிக் ஹைஃபன் சி, மறுபடி சார்ட் ஹைஃபன் என்ஆர், ஹெட் என்று குழாய் போட்டால் எந்த ஐபி எத்தனை முறை வந்தது என்று தெரியும். லாட்ஜில் ரூம் தேடுகிறவர் ராத்திரி மூன்று மணிக்கு லாகின் பக்கத்தை ஆயிரம் முறை தட்ட மாட்டார். வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் லாகின் பக்கத்துக்கும் வேர்ட்பிரஸ்ஸின் எக்ஸ்எம்எல்ஆர்பிசி ஃபைலுக்கும் வேகத்தடை போட்டாலே சர்வர் படுப்பது பாதி நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் என்ஜின்எக்ஸ் ஹைஃபன் டி கொடுத்துச் சரிபார்த்துவிட்டு ரீலோட் செய்யுங்கள்.

டிஸ்க் நிரம்புவதில் இரண்டு விஷயம் பலரைக் குழப்பும். டிஎஃப் ஹைஃபன் எச்சில் இடம் இருக்கும், ஆனாலும் "இடமில்லை" என்று எழுதும். ஹைஃபன் ஐ கொடுத்தால் ஐநோட் (எத்தனை ஃபைல் வைக்கலாம் என்ற ஒதுக்கீடு) 100 சதவீதம் என்று காட்டும். எங்கோ ஒரு ஃபோல்டரில் லட்சக்கணக்கில் சின்னச் சின்ன செஷன் ஃபைல் குவிந்திருக்கும். இன்னொன்று, பெரிய லாக் ஃபைலை அழித்திருப்பீர்கள், இடம் திரும்பியிருக்காது. அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் ப்ராசஸ் விடும்வரை இடம் வராது. எல்எஸ்ஓஎஃப் ப்ளஸ் எல்1 கொடுத்தால் இப்படிப் பெயர் போயும் உயிர் போகாத ஃபைல்களைக் காட்டும். லாகை அழிக்காமல் ட்ரன்கேட் கமாண்டால் பூஜ்யமாக்குவது நல்லது. ஜர்னல் பெருத்திருந்தால் வேக்யூம் சைஸ் இருக்கிறது. டாக்கர் வைத்திருந்தால் அதன் கன்டெய்னர் லாகுக்கு இயல்பில் எல்லையே கிடையாது, நீங்கள்தான் போட வேண்டும்.

403 (அனுமதியில்லை என்ற பிழை) வந்ததும் ஃபைல் உரிமையை 777 என்று போடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டு, ஹேக் ஆகிவிட்டது என்று அழுவது. நேம்ஐ ஹைஃபன் எல் என்று ஒரு கமாண்ட் இருக்கிறது, பாதி லினக்ஸ்காரர்களுக்கே தெரியாது. முழுப் பாதையைக் கொடுத்தால் வேரிலிருந்து கடைசி ஃபைல் வரை ஒவ்வொரு ஃபோல்டரின் உரிமையையும் வரிசையாகக் காட்டும். எந்தப் படியில் அடைத்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். உபுண்டு 21.04 முதல் புது ஹோம் ஃபோல்டர்கள் 750 உரிமையோடு பிறக்கின்றன. சைட்டை ஹோமுக்குள் வைத்தால் என்ஜின்எக்ஸால் நுழைய முடியாது, அதுதான் உங்கள் 403. சைட்டை ஹோமுக்கு வெளியே, விஏஆர் ஃபோல்டருக்குள் இருக்கும் டபிள்யூடபிள்யூடபிள்யூவுக்கு நகர்த்துங்கள். ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 போதும்.

எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டை மூடிவிட்டுச் சாவி மட்டும் வையுங்கள். மூடும்போது திறந்திருக்கும் டெர்மினலை மூடாமல், இன்னொரு டெர்மினலில் நுழைந்து பாருங்கள். உபுண்டு கிளவுட் இமேஜில் முதன்மை ஃபைலில் பாஸ்வேர்டுக்கு "நோ" போட்டாலும் சில சமயம் "யெஸ்" ஆகவே இருக்கும், ஏனென்றால் பக்கத்து கான்ஃபிக்.டி ஃபோல்டரில் கிளவுட்-இனிட் வைத்த ஃபைல் முதலில் படிக்கப்படும், முதலில் வந்ததே செல்லும். எஸ்எஸ்எச்டி ஹைஃபன் பெரிய டி கொடுத்தால் உண்மையில் அமலில் இருப்பது தெரியும்.

சைட்டின் எச்டிடிபிஎஸ்ஸுக்கான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் 90 நாள். முன்பு முடியப்போகிறது என்று மெயில் வரும், 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். சான்றிதழைப் புதுப்பிக்கும் செர்ட்பாட் ரினியூவை ட்ரை-ரன்னோடு (ஒத்திகையாக) இன்றைக்கே ஓட்டிப் பாருங்கள். 80ஆம் போர்ட்டை ஃபயர்வாலில் மூடியிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். சர்வர் நேரம் யுடிசியில் இருந்தால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் 3:30 என்று எழுதிய பேக்கப் நம்மூரில் காலை 9 மணிக்கு ஓடும், ரூம் புக்கிங் சூடு பிடிக்கும் நேரத்தில். டைம்டேட்சிடிஎல்லில் ஏஷியா கொல்கத்தா என்று மாற்றிவிட்டு கிரானை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பேக்கப்பைப் பற்றி ஒன்றே ஒன்று: மைஎஸ்கியூஎல்டம்ப் எடுக்கும்போது சிங்கிள் ட்ரான்சாக்ஷன், யுடிஎஃப்8எம்பி4 இரண்டையும் கொடுத்து, மாதம் ஒருமுறை உங்கள் லேப்டாப்பில் திரும்ப ஏற்றி நாலு தமிழ்ப் பெயரைத் திறந்து பாருங்கள். ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்கில் டெலீட் போடுவதாயிருந்தால் முதலில் ட்ரை-ரன். மூலப் பாதையின் கடைசியில் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பது மட்டும் நகலாகும், இல்லாவிட்டால் ஃபோல்டரே நகலாகும். அந்த ஒரு கோட்டில் சைட் காணாமல் போகலாம்.

லேப்டாப்புக்கு வருகிறேன். 4 ஜிபியில் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ தாராளமாக ஓடும், குரோமில் டேப்களை அடக்கினால். இசட்ராம் போடுங்கள், ராமுக்குள்ளேயே சுருக்கி வைத்து மூச்சு விட இடம் தரும். இன்னும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் கையில் காசு வந்ததும் முதல் செலவு எஸ்எஸ்டி. மே மாதத்தில் மத்தியானம் மட்டும் மெதுவாகிறது என்றால் லினக்ஸைத் திட்டாதீர்கள். வெளியே 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் தூசி அடைத்த ஃபேன் என்ன செய்யும்? சென்சார்ஸ் கமாண்டில் சூட்டைப் பாருங்கள். கெர்னல் பதிவில் த்ராட்டில்டு என்று வந்தால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்திருக்கிறது. ஃபேனைச் சுத்தம் செய்து பேஸ்ட் மாற்ற ஒரு மணி நேரம் போதும்.

தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ்ஸில் எம்17என் தொகுப்பைப் போட்டு அதிலுள்ள தமிழ்99ஐ எடுங்கள். கீபோர்டு லேயவுட் பட்டியலில் நேரடியாக இருக்கும் தமிழ்நெட்99 வேறு. அதில் ஒரு விசைக்கு ஒரு குறி மட்டும்தான், மெய் இரட்டிக்கும்போது தானாகப் புள்ளி விழாது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்று மற்றதைக் குழப்பும், பட்டியலில் இருப்பதை நீக்கிவிட்டு எம்17என் ஒன்றை மட்டும் வையுங்கள்.